கஸ்டரை யாரும் பதவி இறக்கவில்லை: 'பிரெவெட்' என்ற பழைய குழப்பம், எளிமையாக

அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கதையும் கூடவே வந்துவிடும். 23 வயதில் ஜெனரல் ஆனார், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் மேலிடம் அவரைக் கேப்டனாக இறக்கிவிட்டது, அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் லகோட்டா, செயென் என்ற பூர்வகுடி மக்களோடு மோதி உயிரை விட்டார். சினிமாவுக்குத் தோதான கதை. ஆனால் நடுவில் வருகிற அந்தப் 'பதவி இறக்கம்' நடக்கவே இல்லை. சொல்லப்போனால் போர் முடிந்த மறு வருடம் அவருக்குக் கிடைத்தது பதவி உயர்வு, அதுவும் ஒரு படியைத் தாண்டி.

இன்னொரு கூட்டம் உண்டு. "அவர் ஜெனரலே இல்லைங்க, வெறும் பிரெவெட் ஜெனரல், பேருக்குக் கொடுத்தது" என்று அடித்துப் பேசும். அதுவும் தப்பு.

இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ராணுவத்தில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று பதவிகளில் இருக்கலாம், சில சமயம் நான்கிலும்கூட. இது தெரியாமல் அந்தக் காலத்து எந்த அதிகாரியின் வாழ்க்கையைப் படித்தாலும் தலை சுற்றும், ஒரு பக்கத்தில் ஜெனரல், அடுத்த பக்கத்தில் கேப்டன், அதற்கடுத்த பக்கத்தில் கர்னல் என்று பாம்பும் ஏணியும் ஆடுகிற மாதிரி இருக்கும். பதவிப் படிகள் கீழிருந்து மேலே இப்படி: இரண்டாம் லெப்டினன்ட், முதல் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் ஜெனரல், மேஜர் ஜெனரல். கஸ்டரை வைத்தே இதைப் புரிந்துகொள்வோம்.

## வாக்குச்சாவடியில் ஒரு நாள்

தேர்தல் அன்று வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராக உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர். அன்றைக்கு அந்த அறைக்குள் அவர் சொல்தான் எடுபடும். வாசலில் நிற்கிற போலீஸ்காரரைக் கூப்பிட்டு, கலாட்டா செய்கிறவரை வெளியேற்றச் சொல்லலாம், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. வேலை முடிந்து பள்ளிக்குத் திரும்பினால்? ஏழாம் வகுப்பு பி பிரிவு, கணக்குப் பாடம். அவரைப் பதவி இறக்கிவிட்டார்கள் என்று யாராவது சொல்வோமா? பள்ளிக்கூடப் பதிவேட்டில் நேற்றும் அவர் ஆசிரியர்தான், இன்றும் ஆசிரியர்தான்.

அதே ஆசிரியருக்கு ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் எல்லாரும் 'டாக்டர் சார்' என்பார்கள், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் போடுவார்கள். சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

ஆக ஒருவருக்கே ஒரு நிரந்தர வேலை, முழு அதிகாரமுள்ள ஒரு தற்காலிகப் பொறுப்பு, ஒரு மரியாதைப் பட்டம். மூன்றையும் மூன்று நோட்டில் எழுதி வைத்தால் சிக்கலே இல்லை. கஸ்டர் விஷயத்தில் மூன்று நோட்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டு, தேதி வரிசையில் படிக்கிறார்கள், அங்கேதான் கோளாறு.

## ஒரு நாட்டுக்கு எதற்கு இரண்டு ராணுவம்?

1861 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் மொத்தமே சுமார் 16,000 பேர். பெரும்பாலும் மேற்கே சின்னச் சின்னக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். களத்தில் படை நடத்துகிற ஜெனரல்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எத்தனை ரெஜிமென்ட் (ஒரு கர்னலின் கீழ் இயங்கும் படைப்பிரிவு), ஒவ்வொன்றிலும் எத்தனை அதிகாரி என்பதை அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு முடிவு செய்யும். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு நாற்காலிகூடப் போட முடியாது. மேலே இருப்பவர் இறக்க வேண்டும், அல்லது ராஜினாமா செய்ய வேண்டும், அப்போதுதான் கீழே இருப்பவர் ஒரு படி ஏறலாம். அதிகாரிகளை ஓய்வில் அனுப்பும் ஏற்பாடே 1861 ஆகஸ்டில்தான் சட்டமானது, அதுவரை குதிரை ஏற முடியாத கிழவர்கள்கூடக் கர்னல் நாற்காலியை விடவில்லை, அவர்களுக்குக் கீழே தலை நரைத்த கேப்டன்கள் காத்துக் கிடந்தார்கள்.

இந்த 16,000 பேரை வைத்துக்கொண்டு தெற்கு மாநிலங்களோடு போர் நடத்த முடியாது. அதனால் பக்கத்திலேயே இன்னொரு ராணுவத்தைக் கட்டினார்கள். அதுதான் தன்னார்வப் படை. 'தன்னார்வ' என்றதும் சம்பளமில்லாத சேவை என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம், சீருடை, ராணுவச் சட்டம், ஓடிப்போனால் தண்டனை எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், போருக்காகத் திரட்டிய படை, போர் முடிந்தால் கலைந்துவிடும். மாநிலங்கள் ரெஜிமென்ட்களைத் திரட்டித் தரும், கர்னல் வரைக்கும் மாநில ஆளுநர் நியமிப்பார், ஜெனரல்களை ஜனாதிபதி நியமிக்க செனட் ஒப்புதல் தரும். வடக்குத் தரப்பில் அந்த நான்கு வருடத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணியாற்றினார்கள், அதில் மிகப் பெரும்பாலோர் இந்தப் படைதான்.

இத்தனை பேரை நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டுமே. நிரந்தர ராணுவத்தின் லெப்டினன்ட்களையும் கேப்டன்களையும் எடுத்துத் தன்னார்வப் படையில் கர்னலாக, ஜெனரலாக உட்கார வைத்தார்கள். அவர்களுடைய பழைய இடம் அவர்கள் பெயரிலேயே பத்திரமாக இருக்கும், அங்கே சீனியாரிட்டியும் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். நம் அரசு அலுவலகங்களில் 'அயல்பணி' என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இதுவரை பார்த்தது: நிரந்தர ராணுவத்துப் பதவி முதல் நோட்டு. தன்னார்வப் படைப் பதவி இரண்டாம் நோட்டு. இரண்டாவதிலும் அதிகாரம், சம்பளம், படை எல்லாம் நிஜம், ஆனால் அதற்கு முடிவு தேதி உண்டு.

## கடைசி மாணவன் ஜெனரல் ஆன கதை

கஸ்டர் 1839-இல் ஒஹையோ மாநிலம் நியூ ரம்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1861 ஜூனில் தேறிய 34 பேரில் 34-ஆவது. சேட்டைக்காரர். படிப்பு முடிந்த கையோடு, காவல் பொறுப்பில் இருந்தபோது இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டதைத் தடுக்காமல் விட்டதற்காக ராணுவ நீதிமன்ற விசாரணை வேறு. அமைதிக் காலமாக இருந்தால் அந்த வேலை அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும். போர்க்காலம், ஆள் தேவை, லேசாகக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். நிரந்தர ராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்ட். ஒரு மாதத்துக்குள் புல் ரன் போர்க்களத்தில் நின்றார்.

1862-இல் வடக்குப் படைத் தளபதி மெக்லெல்லனின் உதவியாளராகச் சேர்ந்ததால் அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. அந்தப் பதவி மெக்லெல்லனோடு ஒட்டியது. நவம்பரில் லிங்கன் மெக்லெல்லனை நீக்கியதும் கேப்டனும் போயிற்று, கஸ்டர் மறுபடி முதல் லெப்டினன்ட். அதாவது இந்த 'சறுக்கலை' அவர் 22 வயதிலேயே ஒருமுறை பார்த்துவிட்டார். அதை யாரும் அவமானக் கதையாகச் சொல்வதில்லை, ஏனோ.

அடுத்த வருடம் மிச்சிகன் ஆளுநர் ஆஸ்டின் பிளேரிடம், ஒரு குதிரைப்படை ரெஜிமென்ட்டுக்குக் கர்னலாகப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிளேர் குடியரசுக் கட்சிக்காரர், கஸ்டரோ ஜனநாயகக் கட்சிச் சாய்வுள்ள மெக்லெல்லனின் ஆள். ஆனால் சில வாரங்களிலேயே, 1863 ஜூன் கடைசியில், குதிரைப்படைத் தளபதி பிளெசன்டன் மூன்று இளைஞர்களைத் தன்னார்வப் படையின் பிரிகேடியர் ஜெனரல் ஆக்க வைத்தார். கஸ்டர், வெஸ்லி மெரிட், எலான் ஃபார்ன்ஸ்வர்த். கஸ்டருக்குக் கொடுத்த பிரிகேடில் இருந்தவை நான்கு மிச்சிகன் ரெஜிமென்ட்கள். ஒரு ரெஜிமென்ட் கேட்டவருக்கு நான்கு! ஆளுநர் மறுத்தது இரண்டாம் நோட்டில் அவர் கையில் இருந்த கர்னல் இடத்தை. அதற்கு மேலே உள்ள ஜெனரல் இடம் வாஷிங்டன் கையில் இருந்தது, அவ்வளவுதான் சூட்சுமம்.

ஜூலை 3, கெட்டிஸ்பர்க். தெற்குத் தரப்பின் ஸ்டூவர்ட் தன் குதிரைப்படையோடு வடக்குப் படையின் பின்புறத்துக்கு வரப் பார்த்தபோது, கஸ்டர் மிச்சிகன்காரர்களுக்கு முன்னால் தானே குதிரையை விரட்டிக்கொண்டு போய் மோதினார். அதே நாள், அதே போரின் இன்னொரு மூலையில் ஃபார்ன்ஸ்வர்த் கொல்லப்பட்டார், ஜெனரல் ஆகி ஒரு வாரம்கூட நிறையவில்லை. 'பேருக்கு ஜெனரல்' என்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். உத்தரவும் சாவும் நிஜமாக இருக்கும்போது பதவி மட்டும் எப்படிப் பொய்யாகும்?

அன்றைக்கும் முதல் நோட்டில் கஸ்டர் வெறும் முதல் லெப்டினன்ட்.

## பிரெவெட்: நாற்காலி இல்லாத பட்டம்

இப்போது மூன்றாம் நோட்டு. 'பிரெவெட்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல், சான்றுப் பத்திரம் என்ற மாதிரிப் பொருள். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த வழக்கத்தை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கேப்டன் போரில் துணிச்சலாக எதையோ செய்கிறார், பாராட்ட வேண்டும். பதவி உயர்வு தர காலி நாற்காலி இல்லை. பதக்கம் தரலாமென்றால் அமெரிக்கத் தரைப்படைக்கு 'மெடல் ஆஃப் ஆனர்' என்ற பதக்கமே 1862-இல்தான் உருவானது. அதனால் ஒரு பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள், இனி இவர் பிரெவெட் மேஜர் என்று. செய்கிற வேலை அதே கேப்டன் வேலைதான். சாதாரணமாகச் சம்பளமும் அதேதான்.

கௌரவ டாக்டர் உவமை இங்கே கொஞ்சம் நொண்டும். ஏனென்றால் பிரெவெட் சில இடங்களில் உயிர் பெற்று எழுந்துவிடும். ராணுவ நீதிமன்றத்தில் உட்காரும்போது, வெவ்வேறு படைப்பிரிவு ஆட்கள் கலந்த ஒரு அணியில் யார் மூத்தவர் என்ற கேள்வி வரும்போது, ஜனாதிபதி குறிப்பிட்டு உத்தரவு போடும்போது. இந்த 'சில சமயம் செல்லும்' என்ற விதிதான் எல்லா வம்புக்கும் காரணம். 1828-இல் தலைமைத் தளபதி ஜேக்கப் பிரவுன் இறந்தபோது வின்ஃபீல்ட் ஸ்காட்டும் எட்மண்ட் கெயின்ஸும் நான்தான் மூத்தவன் என்று முட்டிக்கொண்டார்கள், ஸ்காட்டின் பிரெவெட் தேதி சில வாரம் முந்தியது என்பது அவர் கட்சி. சண்டை முற்றிப்போய், ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அலெக்சாண்டர் மேகோம்பைத் தூக்கி உட்கார வைத்தார்.

உள்நாட்டுப் போரின் கடைசியில் இது தீபாவளி போனஸ் மாதிரி ஆகிவிட்டது. 1865 மார்ச் 13 என்று தேதியிட்டு ஏராளமான பிரெவெட்கள், பலவற்றை எழுதியதே அதற்குப் பிறகு, தேதியை மட்டும் பின்னுக்குப் போட்டார்கள். பிரெவெட் ஜெனரல்கள் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டினார்கள். தெருவுக்குத் தெரு ஜெனரல் இருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? கடைசியில் 1870-இல் காங்கிரஸ் சட்டம் போட்டது: பிரெவெட் பதவிக்குரிய சீருடையைப் போடக்கூடாது, அலுவல் உத்தரவுகளில் அந்தப் பட்டத்தால் குறிப்பிடக்கூடாது. கூப்பிடுகிறவர் வாயை எந்தச் சட்டம் கட்டும்? ஊரும் உறவும் 'ஜெனரல்' என்றே கூப்பிட்டார்கள்.

இவ்வளவும் சேர்த்து ஒருமுறை பார்த்துவிடலாம். 1864 மே மாத நடுவில் கஸ்டரை நிறுத்தி, நீர் யார் என்று கேட்டால்? முதல் நோட்டில் கேப்டன், மே 8-இல் கிடைத்தது. இரண்டாம் நோட்டில் பிரிகேடியர் ஜெனரல். மூன்றாம் நோட்டில் லெப்டினன்ட் கர்னல், யெல்லோ டேவர்ன் சண்டைக்காக மே 11 தேதியிட்டது (ஸ்டூவர்ட் படுகாயமடைந்தது அந்தச் சண்டையில்தான்). மூன்றும் உண்மை, மூன்றும் ஒரே வாரத்தில். தன்னார்வப் படைக்கும் தனியாகப் பிரெவெட் உண்டு, அதே வருடம் அக்டோபரில் அதிலும் ஒரு மேஜர் ஜெனரல் வாங்கிவிட்டார். நான்கு பதவி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

## 1866: கலைந்தது படை, இறங்கவில்லை பதவி

1865 ஏப்ரல் 9. அப்போமாட்டக்ஸில் தெற்குத் தளபதி லீயின் படைக்கு வழியை மறித்த டிவிஷன்களில் (பல பிரிகேட் சேர்ந்த படை) கஸ்டருடையதும் ஒன்று. சரணடைவு ஒப்பந்தத்தை வடக்குத் தலைமைத் தளபதி கிராண்ட் எழுதிய சின்ன மேசையை, கஸ்டரின் மேலதிகாரி ஷெரிடன், சரணடைவு நடந்த வீட்டின் சொந்தக்காரரிடம் 20 டாலர் கொடுத்து வாங்கி, கஸ்டரின் மனைவி லிப்பிக்குப் பரிசாக அனுப்பினார். சில நாளில் கஸ்டர் தன்னார்வப் படையின் முழு மேஜர் ஜெனரல், பிரெவெட் இல்லாதது. வயது 25.

தேர்தல் முடிந்தது, பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. தன்னார்வப் படை கலைந்தது. 1866 பிப்ரவரி 1-இல் கஸ்டரின் இரண்டாம் நோட்டு மூடப்பட்டது. முதல் நோட்டில் அவர் இருந்த இடம் ஐந்தாம் குதிரைப்படையின் கேப்டன், அங்கே போய் நின்றார். சம்பளம் பெருமளவு குறைந்தது என்பது நிஜம், வருத்தம் இருந்திருக்கும், மெக்சிகோவில் ஜனாதிபதி ஹுவாரஸின் ராணுவத்துக்குப் போகலாமா என்றுகூடப் பார்த்தார், விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் இது அவர் ஒருவருக்கு வந்த தண்டனை இல்லை. தன்னார்வப் படையில் ஜெனரலாக இருந்து நிரந்தர ராணுவத்துக்குத் திரும்பிய பெரும்பாலோருக்கும் இதேதான்.

அடுத்து நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. 1866 ஜூலை 28-இல் காங்கிரஸ் நான்கு புதிய குதிரைப்படை ரெஜிமென்ட்களை உருவாக்கியது, புதிய நாற்காலிகள் வந்தன. கஸ்டருக்குக் கிடைத்தது ஏழாம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல். கேப்டனுக்கு அடுத்த படி மேஜர், அதைத் தொடாமலே தாண்டிவிட்டார். 26 வயதில். அவரோடு ஒரே நாளில் ஜெனரல் ஆன மெரிட்டுக்கும் அதே படிதான், ஒன்பதாம் குதிரைப்படையில். லெப்டினன்டாகத் தொடங்கிய முதல் நோட்டை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள்: 1861, 1862, 1864, 1866, ஒவ்வொரு வரியும் மேலேதான் போகிறது.

நிஜமான தண்டனை வேண்டுமென்றால் அது 1867-இல் இருக்கிறது. கான்சாஸில் படையை விட்டுவிட்டு, மனைவியைப் பார்க்க அனுமதியில்லாமல் கிளம்பிப் போனார். ஓடிப்போன சிப்பாய்களை விசாரணையில்லாமல் சுடச் சொன்னார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. ராணுவ நீதிமன்றம் ஒரு வருடம் பதவியிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் நிறுத்தி வைத்தது. இடைநீக்கம், சஸ்பென்ஷன். அதுவும் முழுதாக முடியும் முன்பே ஷெரிடன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். திரும்பி வந்தவர் 1868 நவம்பர் 27 விடியற்காலையில் வாஷிடா ஆற்றோரம் பிளாக் கெட்டில் என்ற செயென் தலைவரின் தூங்கிக்கொண்டிருந்த கிராமத்தைத் தாக்கினார், பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். இதைச் சொல்லாமல் கஸ்டரின் 'வீர வரலாறு' எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

## 1876: ஏழாம் குதிரைப்படைக்கு யார் கர்னல்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் கஸ்டர் என்பார்கள். சரியான பதில் கர்னல் சாமுவேல் ஸ்டர்ஜிஸ். அவர் வேறு பணியில் தொலைவில் இருந்தார். தலைமையாசிரியர் இல்லாத பள்ளியில் உதவித் தலைமையாசிரியர் பொறுப்பு பார்ப்பது போல, களத்தில் ரெஜிமென்ட்டை நடத்தியது லெப்டினன்ட் கர்னல் கஸ்டர். ஸ்டர்ஜிஸின் மகன் ஜேம்ஸ் அதே ரெஜிமென்ட்டில் இளம் லெப்டினன்ட், லிட்டில் பிக்ஹார்னில் செத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தப் படையெடுப்பின் பெயர்ப் பட்டியலை மூன்று நோட்டோடு படித்தால் சுவாரசியம். கஸ்டருக்கு மேலே இருந்த டெர்ரி நிரந்தர ராணுவத்திலேயே பிரிகேடியர் ஜெனரல், பிரெவெட் துணையில்லாமல் மேலே. கிப்பன் கர்னல், போர்க்காலத்தில் தன்னார்வ மேஜர் ஜெனரல். இன்னொரு திசையிலிருந்து வந்த க்ரூக்கும் போர் முடிந்ததும் லெப்டினன்ட் கர்னலாகத் திரும்பியவர்தான், 1873-இல் நேராகப் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். கஸ்டருக்குக் கீழே மேஜர் ரீனோ, பிரெவெட்டில் கர்னல். கேப்டன் பென்டீன், போரில் ஒரு மிசௌரி ரெஜிமென்ட்டின் லெப்டினன்ட் கர்னல். எல்லாரும் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய படையை நடத்தியவர்கள். கஸ்டர் மட்டும் இறங்கி வந்தார் என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

மனக்காயம் தேடுகிறவர்கள் அந்த வருட வசந்தத்தில் தேடலாம். போர்த்துறைச் செயலர் பெல்க்னாப்பின் ஊழல் விசாரணையில் கஸ்டர் சாட்சி சொன்னதில் ஜனாதிபதி கிராண்ட் கடுப்பாகி, படையெடுப்புக்கு அவரைத் தலைவராக விடவில்லை. டெர்ரி பேசிச் சரிக்கட்டியதால்தான் ஏழாம் குதிரைப்படையோடாவது போக முடிந்தது. பறிபோனது ஒரு பொறுப்பு. பதவி அப்படியே இருந்தது, பத்து வருடமாக ஒரே படியில்.

ஜூன் 25. சுமார் 600 பேர் கொண்ட ரெஜிமென்ட்டை மூன்றாகப் பிரித்தார். நேராக அவரோடு நின்ற சுமார் 210 பேரில் யாரும் மிஞ்சவில்லை, ரீனோவும் பென்டீனும் வேறொரு மேட்டில் மிச்சப் படையோடு தாக்குப்பிடித்தார்கள். எதிரே நின்றவர்கள், அமெரிக்க அரசின் 1868 ஒப்பந்தம் தங்களுக்கென்று எழுதிக் கொடுத்த பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியபின் நெருக்கப்பட்டவர்கள். அந்தச் செய்தியைக் கிளப்பிய 1874 பயணத்துக்குத் தலைமை தாங்கியதும் கஸ்டர்தான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அந்தப் போர்க்களத்துக்கு 1991 வரை கஸ்டர் பெயர் இருந்தது, இப்போது லிட்டில் பிக்ஹார்ன் என்று மாற்றிவிட்டார்கள். விழுந்த இடங்களில் வெள்ளைக் கற்கள், 1999-இலிருந்து செயென், லகோட்டா வீரர்களுக்குச் சிவப்புக் கிரானைட் கற்களும். கஸ்டரின் கல்லில் பெயரோடு பிரெவெட் மேஜர் ஜெனரல் என்றும், லெப்டினன்ட் கர்னல், ஏழாம் குதிரைப்படை என்றும் இரண்டும் செதுக்கியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் இதில் எது சரி என்று வழிகாட்டியைக் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியதில்லை.